கல் உருட்டும் பேரலை நிரப்பும் முறையும், பளபளப்பு வராதபோது காரணம் தேடும் வழியும்

ராக் டம்ளர் என்ற பெயரில் விற்கப்படும் கல் உருட்டும் இயந்திரத்தின் அமைப்பு மிக எளிது. இரண்டு ரோலர்களின்மேல் ஒரு ரப்பர் பேரல் படுத்த நிலையில் கிடக்கும். சிறிய மோட்டார் ஒன்று பெல்ட் வழியாக ஒரு ரோலரைச் சுழற்ற, அந்த ரோலர் பேரலைச் சுழற்றும். இயந்திரத்தின் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. கற்களைத் தேய்ப்பதும் வழவழப்பாக்குவதும் பேரலுக்குள் நாம் போடும் சரக்குதான், அதாவது கற்களும் தேய்க்கும் பொடியும் நீரும். முதல் முறை கற்கள் மங்கலாக வெளிவந்ததும் தொடக்கநிலையினர் இயந்திரத்தையே சந்தேகிப்பது இயல்பு. ஆனால் பெல்ட் நழுவுவது போன்ற ஓரிரு கோளாறுகளை ஒதுக்கிவிட்டால், மற்றக் குறைகள் ஏறக்குறைய எல்லாமே பேரலை நிரப்பிய விதத்திலோ, பொடியை மாற்றி மாற்றிச் செய்யும் நான்கு கட்டங்களில் முதலாவதை அவசரப்பட்டு முடித்ததிலோ தொடங்குகின்றன. இந்த இரண்டையும் சரியாகச் செய்பவருக்கு விலை குறைந்த சிறிய இயந்திரமே நல்ல கற்களைத் தரும்.

சுழலும் பேரலுக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். பேரலின் சுவர் கற்களை ஒரு பக்கமாக மேலே ஏற்றிக்கொண்டு போகிறது. ஓரளவு உயரம் வந்ததும் மேலடுக்கு நிற்க முடியாமல் சரிந்து, கீழே உள்ள கற்களின்மேல் உருண்டபடி இறங்குகிறது. தேய்மானம் பெரும்பாலும் இந்தச் சரிவில்தான் நிகழ்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சிக்கும் பொடிமணிகள் இரண்டையும் சிறிது சிறிதாக அரிக்கின்றன. பேரலில் பாதிக்கும் குறைவாகச் சரக்கு இருந்தால் கற்கள் உருளாமல் மொத்தமாக வழுக்கும், அல்லது தனித்தனியாகக் கீழே விழுந்து ஒன்றையொன்று இடிக்கும். முக்கால் பங்கைத் தாண்டினால் சரிவதற்கே இடம் இருக்காது. எல்லாம் ஒரே கட்டியாகப் பேரலோடு சேர்ந்து சுற்றும். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை என்ற அளவு பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். என் கருத்தில் தொடக்கநிலையினர் மூன்றில் இரண்டு பங்கையே இலக்காகக் கொள்வது நல்லது; குறைவாக நிரப்புவதால் வரும் சேதத்தைப் பிறகு சரிசெய்வது கடினம்.

எந்தக் கல்லைப் போடுவது

ஒரு பேரலில் போகும் கற்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கடினத்தன்மை உடையவையாக இருக்க வேண்டும். இதற்கு 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரையான அளவுகோலே போதுமானது. குவார்ட்ஸ் குடும்பத்துக் கற்களான அகேட், ஜாஸ்பர் ஆகியவை 6.5 முதல் 7 வரை, குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6 அளவில், சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் உள்ள கால்சைட் 3. தேய்க்கப் பயன்படும் சிலிக்கான் கார்பைடு 9க்கும் மேல். கால்சைட்டையும் அகேட்டையும் ஒன்றாகப் போட்டால் ஒரே வாரத்தில் கால்சைட் கரைந்து சேறாகும். அகேட்டோ ஓரம்கூடச் சரியாக மழுங்கியிருக்காது. கையில் உள்ள கல் எது என்று தெரியாவிட்டால் எஃகுக் கத்தியின் முனையால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அந்தக் கல் மென்மையானது, முதல் முயற்சிக்கு உகந்ததல்ல. கல் கண்ணாடியைக் கீறினால் அது குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

நம் மலேசியக் கற்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பத்துமலை ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்று. ஈப்போவிலிருந்து வரும் பளிங்கும் கால்சைட் வகையே. இவை அழகான கற்கள், ஆனால் இந்த முறைக்கு எளிதில் இணங்குபவை அல்ல. பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. பத்து பெரிங்கி கடற்கரையில் கிடப்பதுபோன்ற ஒரு கருங்கல் துண்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடித் துகள்போல் சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸும், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பாரும், மின்னும் கறுப்புப் புள்ளிகளாகப் பயோடைட் என்னும் அப்பிரகமும் தெரியும். இம்மூன்றின் கடினத்தன்மையும் வெவ்வேறு. அப்பிரகம் 3ஐத்தான் எட்டும். ஆகவே உருட்டும்போது அப்பிரகம் முதலில் உதிர்ந்து, அது இருந்த இடங்களில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. குழிகளுக்குள் பொடி தங்குகிறது, கல் கடைசிவரை புள்ளி புள்ளியாக மங்கியே இருக்கிறது. அப்படிப்பட்ட கல்லில் கண்ணாடிபோன்ற பளபளப்பு வரவில்லை என்றால் அது உங்கள் பிழையன்று. முதல் பேரலுக்குக் கடையில் கிடைக்கும் பட்டை தீட்டாத அகேட் அல்லது ஜாஸ்பரையே வாங்குங்கள். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது.

வாங்கிய கற்களில் விரிசல் உள்ளவை, ஆழமான துளை உள்ளவை, மேலே கனிமத் தூள் உதிர்பவை ஆகியவற்றை முதலிலேயே கழித்துவிட வேண்டும். விரிசல் விட்ட கல் பாதி வழியில் உடைந்தால், அதன் கூரிய துண்டு மற்ற எல்லாக் கற்களையும் கெடுக்கும். பெரிய கல்லைச் சுத்தியலால் உடைப்பதானால் துணியில் சுற்றி உடையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள். குவார்ட்ஸ் வகைக் கற்களின் உலர்ந்த தூசி நுரையீரலுக்குப் பெரும் தீங்கு செய்யும்.

பேரலை நிரப்புதல்

பலரும் வாங்குவது மூன்று பவுண்டு பேரல் உடைய இயந்திரம், அதாவது ஏறத்தாழ 1.36 கிலோ. இது கல், நீர், பொடி எல்லாம் சேர்ந்த எடை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கல் மட்டுமே அவ்வளவு என்று எண்ணி நிரப்பினால் மோட்டாருக்குச் சுமை மிகுந்துவிடும்.

கற்களின் அளவு கலந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிதும் கவனிக்கப்படாத விதி. எல்லாம் மூன்று சென்டிமீட்டர் கற்களாக இருந்தால், அவற்றுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் விழும். பொடி அந்த வெற்றிடங்களில் சும்மா கிடக்கும். ஒரு கல் மற்றொன்றை ஒருசில புள்ளிகளில் மட்டுமே தொடும். மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் கற்கள் சில, இரண்டு சென்டிமீட்டர் கற்கள் பல, ஒரு சென்டிமீட்டர் அளவில் உள்ளவை கணிசமாக என்று கலந்தால், சிறியவை இடைவெளியை நிரப்பி, பொடியைப் பெரிய கற்களின் மூலை முடுக்குகளுக்கும் கொண்டுசெல்கின்றன. சிறிய கற்கள் போதாவிட்டால் செராமிக் துண்டுகளைச் சேர்க்கலாம். மூன்று முதல் பத்து மில்லிமீட்டர் வரையான சிறு உருளைகளாக இவை கிடைக்கின்றன. மெல்லத் தேய்வதால் பல முறை பயன்படும். பிளாஸ்டிக் மணிகளும் உண்டு, ஆனால் கரடுமுரடான பொடி அவற்றில் பதிந்துவிடும் என்பதால், ஒரு கட்டத்தில் பயன்படுத்திய மணிகளை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லக்கூடாது.

கற்களைப் போட்டு மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் பொடியைத் தூவி, பிறகு நீர் ஊற்ற வேண்டும். மூன்று பவுண்டு பேரலுக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி என்பது நல்ல தொடக்க அளவு. நீர் மேலடுக்குக் கற்களின் அடிப்பகுதியைத் தொட்டால் போதும், கற்களை மூழ்கடிக்கக்கூடாது. நீர் மிகுந்தால் பொடி அடியில் படிந்து கல்லோடு ஒட்டாமல் போகும். குறைந்தால் ஓரிரு நாளில் சேறு கெட்டியாகிக் கற்களின் அசைவே நின்றுவிடும். மூடுவதற்கு முன் பேரலின் விளிம்பையும் மூடியின் உட்புறத்தையும் ஈரத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் நாலைந்து பொடிமணிகள் போதும், இரவெல்லாம் நீர் கசிவதற்கு.

கட்டங்கள் நான்கு. முதலில் 60/90 எண்ணுடைய கரட்டுச் சிலிக்கான் கார்பைடு, அடுத்து 120/220, பிறகு 500 எண்ணுடைய நுண்பொடி, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுப்பொடி. எண் கூடக்கூடப் பொடி நுண்மையாகிறது. 60 என்பது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் மணி, மெருகுப்பொடியோ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுக்கு இறங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பின்னால் வரும் மூன்று கட்டங்களுக்கு அது பொருந்தும். முதல் கட்டத்துக்கு அப்படி எந்தக் காலக்கெடுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்லுக்கு ஏற்ப இரண்டு வாரமோ நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். கல்லுக்கு உருவம் தருவது முதல் கட்டம் மட்டுமே. அங்கே நீங்காத குழியும் மேடும் அடுத்த எந்தப் பொடியாலும் நீங்காது. மெருகேறியதும் அவை இன்னும் தெளிவாகக் கண்ணில் படும்.

ஏழாம் நாள் பேரலைத் திறப்பது

முதல் கட்டத்தில் வாரம் ஒருமுறை பேரலைத் திறந்து பார்ப்பதே கற்றுக்கொள்ள ஏற்ற வழி. மூடியைத் தளர்த்தும்போது உள்ளிருந்து காற்று சீறுவதுபோல் மெல்லிய ஒலி வரலாம். உள்ளே சாம்பல் நிறச் சேறு கற்களின்மேல் படலமாக ஒட்டியிருக்க வேண்டும். பதம், ஊற்றத் தயாரான தோசை மாவைவிடச் சற்று இளகலாக இருந்தால் சரி. அதில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் உறுத்தினால் பொடி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வெறும் களிமண்போல் வழுக்கினால் பொடி உடைந்து தீர்ந்துவிட்டது. அதற்குமேல் பேரலைச் சுழற்றுவது மின்சாரத்திற்குத்தான் கேடு. கரட்டுப் பொடி பெரும்பாலும் ஏழு நாளுக்குள் இந்த நிலைக்கு வந்துவிடும்.

பிறகு கற்களை வடிகட்டியில் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒவ்வொன்றாக விளக்கின் அருகே பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரக் கல் எப்போதும் பளபளப்பாகத் தெரியும் என்பதால் ஈரத்தில் முடிவெடுக்கக்கூடாது. சுற்றிலும் உருண்டு, குழியின்றி, ஒரே சீரான மங்கலோடு இருக்கும் கற்களைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றைப் புதிய பொடியோடு மீண்டும் போடுங்கள். தேறிய கற்களை எடுத்ததாலும், மற்றவை தேய்ந்து சிறுத்ததாலும் பேரலின் மட்டம் இறங்கியிருக்கும். புதிய கரட்டுக் கற்களாலோ செராமிக்காலோ அதைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேறிய கற்கள் ஒரு பேரல் அளவுக்குச் சேர்ந்த பிறகே இரண்டாம் கட்டத்துக்குப் போவது என் விருப்பமான முறை. காத்திருப்பது கடினம்தான், ஆனால் கையில் வரும் கற்கள் அந்தக் காத்திருப்பைப் பொருட்படுத்தாதபடி செய்துவிடும்.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

முதல் அடையாளம் காதுக்குத்தான் கிடைக்கும். சரியாக நிரப்பிய பேரலில் இடைவிடாத, தாழ்ந்த சரசரப்பு கேட்கும். தனித்தனியாக டொக் டொக் என்று இடி கேட்டால் சரக்கு குறைவு, அல்லது சிறிய கற்கள் போதவில்லை. உடனே நிறுத்திச் செராமிக் சேருங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம். மாறாக ஒலியே இல்லாமல் பேரல் சுற்றினால் சரக்கு மிகுந்திருக்கலாம், அல்லது சேறு கெட்டியாகியிருக்கலாம். திறந்து இரண்டு மூன்று கரண்டி நீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

கற்களின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அவை உருளாமல் வழுக்கியிருக்கின்றன என்று பொருள். உட்சுவர் வழவழப்பான வட்டமாக உள்ள பேரல்களில் இது அதிகம் நேரும். அறுகோணமாக உள்ளவை கற்களைத் தூக்கிப் புரட்டுவதால் அங்கே குறைவு. இரு நிலையிலும் மருந்து மட்டத்தை உயர்த்துவதும், அளவுகளைக் கலப்பதும்தான்.

விளிம்புகளில் வெள்ளைப் பிறை வடிவக் கீறல்களும் சில்லுப் பெயர்ந்த தழும்புகளும் இருந்தால் அவை மோதலின் தடயங்கள். கண்ணாடிபோல் தெளிந்த குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், இயற்கை எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் ஆகியவை மோதலில் மிக எளிதில் சில்லுப் பெயர்பவை. அகேட் நுண்ணிய படிகங்கள் பின்னியது என்பதால் அடியைத் தாங்கும். தெளிந்த குவார்ட்ஸ் 7 கடினம் உடையதாக இருந்தும் அடி தாங்காது. இவற்றை உருட்டும்போது பேரலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ செராமிக் துண்டுகளாக இருக்கட்டும். ஏற்கெனவே விழுந்த தழும்புகளைப் போக்க முதல் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். வேறு வழி இல்லை.

மூடி உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. கற்களிலோ பொடியிலோ உள்ள சில பொருள்கள் நீரோடு வினைபுரிவதால் இது உண்டாகிறது. கந்தகக் கனிமங்களும் உலோகத் துணுக்குகளும் உள்ள கற்களை ஒதுக்குவது நல்லது. புதிய கற்களைத் தொடங்கிய முதல் சில நாள்களுக்குத் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். அடுப்பின் அருகில் அதைச் செய்யாதீர்கள்.

பேரல் சுற்றாமல் நின்றால் எடையை முதலில் சோதியுங்கள். எடை சரியென்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரோலரிலோ பேரலின் புறத்திலோ எண்ணெயும் நீரும் படிந்து நழுவும். துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரோலர் முனைகளுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். தாராளமாக விட்ட எண்ணெய் நேரே பெல்ட்டுக்குத்தான் போய்ச் சேரும். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வரவழைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான இயந்திரங்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு அமைந்தவை. மலேசியாவில் வருவது 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. எனவே அத்தகைய மோட்டார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் கூடுதல் சூட்டோடும் ஓடும். நம் வெப்பத்தில் வாரக்கணக்கில் இரவும் பகலும் ஓட வேண்டிய மோட்டாருக்கு இது நல்லதல்ல. 240 வோல்ட்டுக்கென்றே அமைந்ததைக் கேட்டு வாங்குங்கள். அடுக்குமாடி வீட்டில் ஒலியைக் குறைப்பதற்காக அதை மூடிய அலமாரிக்குள் வைப்பவர்களும் உண்டு. அதைவிடப் பழைய ரப்பர் விரிப்பின்மேல், காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே மோட்டாருக்குப் பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது கடைசிக் கட்டத்துக்குப் பிறகும் மங்கலாக நிற்கும் கல். இதற்குக் காரணம் தேடும்போது கல்லைப் படிக்க வேண்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருந்து, ஒற்றைக் கீறல்கள் அங்குமிங்கும் தெரிந்தால், முன்கட்டத்துப் பொடி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டம் மாறும்போது கற்கள், பேரல், மூடி, செராமிக் அனைத்தையும் ஓடும் நீரில் கழுவி, கற்களின் சந்துகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்க வேண்டும். முடிந்தால் மெருகுக் கட்டத்திற்குத் தனிப் பேரல் ஒன்றை ஒதுக்குவது நல்ல செலவு. கீறல் இல்லாமல் எங்கும் ஒரே சீராக மங்கலாக இருந்தால் 500 எண் பொடிக் கட்டம் போதவில்லை. அந்தக் கட்டத்தின் முடிவில் உலர்ந்த கல்லில் விளக்கின் மெல்லிய பிரதிபலிப்பாவது தெரிந்திருக்க வேண்டும். பளபளப்பு வந்து, அதன்மேல் பால்போல் ஒரு படலம் மட்டும் நின்றால் அது ஒட்டிய மெருகுப்பொடி. கொஞ்சம் சீவிய வெள்ளைச் சோப்பும் நீரும் சேர்த்து, செராமிக்கோடு ஒரு மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை உருட்டினால் நீங்கிவிடும்.

கழுவும்போது வரும் சேற்றைச் சமையலறைத் தொட்டியிலோ கழிவறையிலோ ஊற்றவே கூடாது. குழாயின் வளைவில் படிந்து சிமெண்டுபோல் இறுகிவிடும். வீட்டின் பின்புறக் கால்வாயும் அதற்கான இடமன்று. ஒரு வாளியில் ஊற்றி ஓரிரு நாள் படியவிட்டு, மேலே தெளிந்த நீரைச் செடியில்லாத மண்ணில் வடித்துவிட்டு, அடியில் உள்ள சேற்றை ஈரம் காயும் முன்பே பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காய்ந்து தூளானால் அதுவும் மூச்சுக்குக் கேடு. படியவிடும் வாளிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையும். வீட்டு வளாகத்தில் அது பெருக இடம் தருவது, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே தண்டனைக்குரிய குற்றமாகும்.